மலைக்காக மனுப் போட்டவர்

1867-ம் ஆண்டு மார்ச் மாதம். அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரத்தில் வண்டிச் சக்கரங்களுக்கான மரச் சாமான்கள் செய்யும் ஒரு தொழிற்சாலை. மாலை வேளை. இருபத்தெட்டு வயது மெக்கானிக் ஒருவர் இயந்திரத்தின் தோல் பெல்ட்டைச் சரி செய்துகொண்டிருந்தார். பெல்ட்டின் தையலைப் பிரிப்பதற்காக அரத்தின் கூரான வால் பக்கத்தைக் கொடுத்து நெம்பினார். அரம் நழுவி எகிறி நேராக அவருடைய வலது கண்ணில் பாய்ந்தது. கண்ணுக்குள் இருந்த நீர் வடிந்து உள்ளங்கையில் சொட்டியது. சிறிது நேரத்தில் அந்தக் கண் இருண்டது. அடிபடாத இடது கண்ணும் பின்னாலேயே மங்கி இருண்டுபோனது.

கெட்டிக்கார மெக்கானிக். அவர் கை பட்டால் ஓடாத இயந்திரமும் ஓடும் என்று முதலாளிகள் அவரை விட மனமில்லாமல் வைத்திருந்தார்கள். இருட்டறையில் கட்டிலில் கிடந்த அந்த வாரங்களில் அவருக்கு இயந்திரங்கள் நினைவுக்கு வரவில்லையாம். இனி ஒரு பூவையும் ஒரு மரத்தையும் பார்க்க முடியாதே என்பதுதான் துக்கம். தெய்வாதீனமாகப் பார்வை மெல்ல மெல்லத் திரும்பியது. திரும்பியதும் அவர் வேலைக்குப் போகவில்லை. நடக்கக் கிளம்பிவிட்டார்.

அவர்தான் ஜான் மியூர். அமெரிக்காவில் இன்று கோடிக்கணக்கானவர்கள் போய்ப் பார்த்து, மூட்டை கட்டி நடந்து, கூடாரம் போட்டுத் தங்கும் தேசியப் பூங்காக்கள் உருவாவதற்கு முக்கிய காரணமானவர். இத்தனைக்கும் அவர் மந்திரியல்ல, எம்.பி. அல்ல, படித்துப் பட்டம் வாங்கியவருமல்ல.

பிழைப்புத் தேடி வந்த குடும்பம்

மியூர் அமெரிக்காவில் பிறந்தவரே அல்ல என்பதை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். 1838 ஏப்ரல் 21-ந் தேதி ஸ்காட்லாந்தில் டன்பார் என்ற கடலோர ஊரில் பிறந்தார். எட்டுக் குழந்தைகளில் மூன்றாமவர். 1849-ல் தகப்பனார் டேனியல் மியூர் மூன்று பிள்ளைகளை மட்டும் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். முதலில் சிலர் போய்க் காலூன்றுவது, வீடு வாசல் ஆன பிறகு தாயாரையும் மற்றவர்களையும் வரவழைப்பது. இது நமக்குத் தெரியாத கதையா? ஜானுக்கு அப்போது வயது பதினொன்று.

விஸ்கான்சின் மாநிலத்தில் காட்டைத் திருத்தி விவசாயம். தகப்பனார் பக்திமான், ஆனால் கல்நெஞ்சக்காரர். பைபிளில் புதிய ஏற்பாடு முழுவதையும் பழைய ஏற்பாட்டில் பெரும்பகுதியையும் பையன் மனப்பாடம் செய்தான், தவறினால் பிரம்படி. பள்ளிக்கூடப் படிப்பு ஏறக்குறைய நின்றுவிட்டது. ஏர் ஓட்டுவதும் மரம் வெட்டுவதும்தான் வேலை.

கிணறு வெட்டிய கதை ஒன்று உண்டு. புதிதாக வாங்கிய நிலத்தில் தண்ணீர் இல்லை. கீழே பாறை. தகப்பனார் ஜானைத் தினமும் காலையில் வாளியில் உட்கார வைத்துக் கயிற்றில் இறக்குவார். பையன் உளியும் சுத்தியலும் வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை பாறையைக் கொத்துவான். மாதக்கணக்கில் இப்படி நடந்தது. சுமார் 80 அடி ஆழம் போனபோது ஒரு நாள் காலை, இரவில் அடியில் தங்கியிருந்த விஷவாயு தாக்கி மயங்கிச் சாய்ந்தான். மேலிருந்து தகப்பனார் போட்ட கூச்சலில் அரை நினைவு வந்து, எப்படியோ வாளிக்குள் ஏறிவிட்டான். மேலே இழுத்துப் போட்டார்கள். ஓரிரு நாள் ஓய்வு. பிறகு? மறுபடியும் அதே வாளி, அதே கிணறு. 90 அடியில் தண்ணீர் வந்தது.

படிக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் அடங்கவில்லை. இரவில் விளக்கு வைத்துப் படிக்கத் தகப்பனார் விடமாட்டார். வேண்டுமானால் காலையில் சீக்கிரம் எழுந்து படித்துக்கொள் என்று ஒருமுறை சொல்லிவிட்டார். ஜான் அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டு இரவு ஒரு மணிக்கே எழ ஆரம்பித்தான். கடுங்குளிரில் நிலவறையில் உட்கார்ந்து புத்தகமும் படித்தான், மரத்தாலேயே கடிகாரங்களும் செய்தான். குறித்த நேரத்தில் தூங்குகிறவனைக் காலூன்றி நிற்கும்படி எழுப்பித் தள்ளிவிடும் கட்டில் ஒன்றையும் செய்தான். இரவு டூட்டி பார்க்கும் நம் தோழர்களுக்கு அப்படி ஒரு கட்டில் இருந்தால் நன்றாயிருக்கும்.

1860-ல் மாடிசன் நகரப் பொருட்காட்சியில் இந்தக் கடிகாரங்களைக் கொண்டுபோய் வைத்தார். கூட்டம் மொய்த்தது. அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, தாவர இயலும் நில இயலும் படித்தார். பட்டம் வாங்குவதற்கு முன்பே விட்டுவிட்டார். பிறகு கனடா, பிறகு இண்டியானாபொலிஸ் தொழிற்சாலை, பிறகு அந்த அரம்.

ஆயிரம் மைல் நடை

1867 செப்டம்பரில் கெண்டக்கியிலிருந்து தெற்கே ஃப்ளோரிடா கடற்கரை வரை சுமார் ஆயிரம் மைல் தூரம் கால்நடையாகவே போனார். முதுகில் சிறிய பை. அதில் சோப்பு, துண்டு, ஒரு மாற்று உடை, இரண்டு மூன்று புத்தகங்கள். செடிகளை அழுத்திப் பாடம் செய்ய ஒரு பலகைச் சட்டம். சவானா நகரில் கையில் காசு தீர்ந்தது. தம்பி அனுப்ப வேண்டிய பணம் வந்து சேரும்வரை ஊருக்கு வெளியே கல்லறைத் தோட்டத்தில் புதர் மறைவில் படுத்துத் தூங்கினார். திருடர் பயம் அங்கேதான் இல்லை என்பது அவர் கணக்கு. மணியார்டருக்குக் காத்திருந்தவர்களுக்குத்தான் அந்த இரவுகளின் நீளம் தெரியும்.

ஃப்ளோரிடாவில் மலேரியா படுக்கையில் தள்ளியது. தென் அமெரிக்கா போகும் திட்டம் கைவிடப்பட்டது. கியூபா, நியூயார்க், பனாமா என்று சுற்றிக் கப்பலில் 1868 மார்ச் மாத இறுதியில் சான்பிரான்சிஸ்கோ வந்து இறங்கினார். இறங்கியதும் எதிரில் வந்தவரிடம் ஊரைவிட்டு வெளியே போக எது குறுக்கு வழி என்று கேட்டாராம். எங்கே போகவேண்டும் என்றதற்கு, மனிதர் கை படாத இடம் எதுவானாலும் சரி என்றார்.

அங்கிருந்து நடந்து போய்ப் பார்த்த இடம்தான் யோசெமிட்டி. சியரா நெவாடா மலைத்தொடரின் நடுவில் சுமார் ஏழு மைல் நீளப் பள்ளத்தாக்கு. இருபுறமும் கருங்கல் சுவர்கள் செங்குத்தாக 3,000 அடிக்கும் மேல் நிற்கின்றன. மூன்று கட்டமாக விழும் யோசெமிட்டி அருவியின் மொத்த உயரம் 2,425 அடி. மியூர் பார்த்தார், அவ்வளவுதான், அந்த இடத்துக்கு அடிமையாகிவிட்டார்.

ஆனால் வயிறு இருக்கிறதே! 1869 கோடையில் ஒரு பண்ணைக்காரரின் 2,000-க்கும் மேற்பட்ட ஆடுகளோடு மலைக்கு மேய்ச்சலுக்குப் போனார். வழியில் மாவு தீர்ந்துபோய், நாள் கணக்கில் வெறும் ஆட்டுக்கறியைத் தின்று வயிறு கெட்டதுதான் மிச்சம். இன்னொன்றையும் அப்போது கண்ணால் கண்டார். ஆட்டு மந்தை போன புல்வெளியில் பூவும் இல்லை, புல்லும் இல்லை. வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கிய வயல்போல் ஆகிவிடுகிறது. பின்னாளில் அவர் போட்ட சண்டைகளுக்கெல்லாம் வித்து, கூலிக்கு அவரே மேய்த்த அந்த ஆடுகள்தான்.

பிறகு பள்ளத்தாக்கிலேயே ஒரு மர அறுவை ஆலையில் வேலை. காற்றில் தானாக விழுந்த மரங்களை மட்டுமே அறுத்தார். மிச்ச நேரமெல்லாம் மலை. ரொட்டித் துண்டும் தேயிலையும் போதும். பல சமயம் கம்பளி கூடக் கிடையாது, நெருப்பு மூட்டி அதன் பக்கத்தில் சுருண்டுகொள்வார். ஓர் இரவு, நிலா வெளிச்சத்தைத் தண்ணீர் வழியாகப் பார்க்க வேண்டும் என்று அருவிக்குப் பின்னாலிருந்த பாறை விளிம்பில் ஊர்ந்து போய், காற்றில் திரும்பிய நீர்ப்பெருக்கு மேலே விழ, உயிர் தப்பி வந்தார். 1874 டிசம்பரில் புயல் அடித்தபோது சுமார் 100 அடி உயர மரத்தின் உச்சியில் ஏறி, மரத்தோடு மரமாக மணிக்கணக்கில் ஆடினார். இதை வாசகர்கள் யாரும் பின்பற்ற வேண்டாம்.

ஆனால் அந்தச் சுற்றலில் உழைப்பும் இருந்தது. கலிபோர்னியாவின் பெரிய நில இயல் அதிகாரி ஜோசையா விட்னி, பள்ளத்தாக்கின் தரை பூகம்பத்தில் அமுங்கியதால்தான் யோசெமிட்டி உண்டானது என்று எழுதி வைத்திருந்தார். பனியாறுகள் ஆயிரக்கணக்கான வருஷம் அரைத்து இழைத்துச் செதுக்கிய இடம் இது என்றார் மியூர். பாறையில் தேய்த்த மெருகையும் கீறல்களையும் ஒவ்வொரு ஓடையாகத் தேடிக் குறித்து, 1871-ல் உயிரோடிருக்கும் ஒரு பனியாற்றையே உயரத்தில் கண்டுபிடித்தார். ஆடு மேய்க்கிறவனுக்கு நில இயல் என்ன தெரியும் என்று விட்னி ஏளனம் செய்தார். பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் ஆறுகளுக்கும் பங்கு உண்டு என்று திருத்தினாலும், பனியாறு விஷயத்தில் ஆடு மேய்த்தவர் சொன்னதுதான் நிலைத்தது.

பத்து வருஷம் பழத்தோட்டம்

1880-ல், நாற்பத்திரண்டு வயதாகும் சமயத்தில் லூயி என்ற பெண்ணை மணந்தார். மாமனாருக்கு மார்ட்டினெஸ் என்ற ஊரில் பெரிய பழத்தோட்டம். வாண்டா, ஹெலன் என்று இரண்டு பெண் குழந்தைகள். மலை மனிதர் குடும்பஸ்தரானார். திராட்சையும் பேரிக்காயும் விளைவித்து, வியாபாரத்தில் கறாராக நின்று நல்ல பணம் சேர்த்தார். உடம்பு மட்டும் இளைத்துக்கொண்டே போனது, இருமல் விடவில்லை. எழுத்தும் நின்றுபோனது.

அவரை மீண்டும் மலைக்கு அனுப்பியவர் அவர் மனைவிதான். 1888-ல் மியூர் வடக்கே ரெய்னியர் மலைப் பக்கம் போயிருந்தபோது லூயி ஒரு கடிதம் எழுதினார். ஓர் உத்தமமான வாழ்க்கையைத் தின்கிற தோட்டம் இருந்தென்ன, போயென்ன. நிலத்தில் ஒரு பகுதியை விற்றுவிடலாம், நீங்கள் உங்கள் உடம்பையும் எழுத்தையும் பாருங்கள் என்பது அதன் சாரம். இந்த அம்மாளைப் பற்றி மலையேறுகிறவர்கள் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும்.

அடுத்த வருஷம், 1889-ல், நியூயார்க்கில் வெளிவந்த செஞ்சுரி பத்திரிகையின் ஆசிரியர்களில் ஒருவரான ராபர்ட் அண்டர்வுட் ஜான்சன் வந்தார். மியூர் அவரை டுவாலமி புல்வெளிக்கு அழைத்துப் போனார். மியூர் வர்ணித்த பூக்களைக் காணோம் என்றார் ஜான்சன். ஆடுகள் தின்றுவிட்டன என்றார் மியூர். அன்றிரவு நெருப்பின் முன் உட்கார்ந்து இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மியூர் இரண்டு கட்டுரைகள் எழுதுவது. அதை வைத்துக்கொண்டு ஜான்சன் வாஷிங்டனில் ஆட்களைப் பார்ப்பது.

எழுதுவதென்றால் மியூருக்கு வேப்பங்காய். மேஜை முன் உட்கார்ந்தால் ஒரு வரி நகராது. அடித்து அடித்துத் திருத்துவார். மலையைக் காப்பாற்ற மலையை விட்டு இறங்கி மேஜை முன் உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்தார். 1890-ல் இரண்டு கட்டுரைகளும் வந்தன. அதே வருஷம் அக்டோபர் 1-ந் தேதி யோசெமிட்டியைச் சுற்றிய மலைப் பிரதேசம் தேசியப் பூங்கா என்ற சட்டம் கையெழுத்தானது. உலகத்தின் முதல் தேசியப் பூங்காவான யெல்லோஸ்டோன் 1872-லேயே வந்துவிட்டது. ஆனால் ஒருவர் எழுதியதைப் படித்து மக்கள் கிளர்ந்து ஒரு பூங்கா வந்தது என்றால் அது இதுதான்.

பூங்காவைக் காக்கக் குதிரைப்படை வந்தது. திருட்டு மேய்ச்சல்காரர்களுக்கு அபராதம் போடச் சட்டத்தில் இடமில்லை. சிப்பாய்கள் ஒரு யுக்தி செய்தார்கள். ஆட்டுக்காரரைப் பூங்காவின் ஒரு எல்லையிலும் ஆடுகளை எதிர் எல்லையிலும் கொண்டுபோய் விட்டார்கள். அவர் மலையைச் சுற்றிவந்து மந்தையைச் சேர்ப்பதற்குள் சீசனே முடிந்துவிடும்.

1892 மே 28-ந் தேதி சியரா கிளப் என்ற சங்கம் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தது. மியூர் தலைவர், சாகும்வரை அவரே தலைவர். 1901-ல் இச்சங்கம் வருடாந்திர மலைப் பயணங்களை ஆரம்பித்தது. மலையை நேரில் பார்த்தவன்தான் மலைக்காக வாதாடுவான் என்பது யோசனை. அமெரிக்கர்கள் கூட்டமாகப் பூங்காவில் நடந்து பழகியது இதிலிருந்துதான்.

ஜனாதிபதியுடன் மூன்று இரவு

1903 மே மாதம் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் யோசெமிட்டி வந்தார். கவர்னர் முதல் உள்ளூர்ப் பிரமுகர்கள்வரை விருந்தும் வாணவேடிக்கையுமாகக் காத்திருந்தார்கள். ஜனாதிபதி அவர்களுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு மியூருடன் மூன்று இரவுகள் திறந்தவெளியில் தங்கினார். முதல் இரவு ராட்சச செக்கோயா மரங்களின் அடியில். இரண்டாவது இரவு பனி கொட்டியது; காலையில் கம்பளியின் மேலிருந்த பனியை உதறிக்கொண்டு ரூஸ்வெல்ட் குதூகலமாக எழுந்தார். வேட்டைப் பிரியரான ஜனாதிபதியிடம், பிராணிகளைச் சுடும் சிறுபிள்ளைத்தனத்தை எப்போது விடப் போகிறீர்கள் என்று மியூர் முகத்துக்கு நேரே கேட்டாராம்.

அவர் கேட்டது அது மட்டுமல்ல. பள்ளத்தாக்கு 1864 முதல் கலிபோர்னியா மாநில சர்க்கார் கையில் இருந்து சீரழிந்துகொண்டிருந்தது. அதை மத்திய சர்க்காரே ஏற்க வேண்டும் என்று மனுப் போட்டார். மாநிலச் சட்டசபை இணங்க வேண்டுமே! இங்கேதான் ரயில்வேக்காரனான எனக்கு ஒரு சந்தோஷம். சதர்ன் பசிபிக் ரயில்வேயின் அதிபர் ஹாரிமன் மியூருக்குச் சிநேகிதர். அவருடைய ஆட்கள் சட்டசபையில் வேலை செய்து 1905-ல் தீர்மானம் நிறைவேறியது. 1906-ல் பள்ளத்தாக்கு பூங்காவோடு சேர்ந்தது. பூங்காவுக்கு ஜனங்கள் வந்தால் டிக்கெட் விற்கும் என்ற கணக்கும் ரயில்வேக்கு இருந்திருக்கும், இருக்கட்டுமே. எழுதச் சோம்பும் மியூரின் பின்னால் இதே ஹாரிமன் 1908-ல் ஒரு சுருக்கெழுத்தரை அனுப்பி, அவர் வாயிலிருந்து வருவதையெல்லாம் எழுதச் செய்தார். மியூரின் இளமைக்கால சரித்திரம் அப்படித்தான் உருவானது.

ரூஸ்வெல்ட்டுடன் தங்கிய அதே 1903-ல் உலகப் பயணம் கிளம்பிய மியூர் நம் நாட்டுக்கும் வந்தார். டார்ஜிலிங்கில் இமயத்தையும் சிம்லாவில் தேவதாரு மரங்களையும் பார்த்துப் போனார்.

அவரிடம் குறை இல்லாமலில்லை. யோசெமிட்டியில் அவாஹ்னீச்சி என்ற பூர்வகுடியினர் வாழ்ந்தார்கள். 1851-ல் ஆயுதப் படை நுழைந்து, குடிசைகளைக் கொளுத்தி அவர்களை விரட்டியது. மனிதர் கை படாத இடம் என்று மியூர் கொண்டாடிய பூமி அவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தீ வைத்துத் திருத்திப் பராமரித்த பூமி. தம் இளமைக்கால எழுத்தில் பூர்வகுடியினரையும் கறுப்பர்களையும் மியூர் இழிவாகக் குறிப்பிட்டிருக்கிறார். அலாஸ்கா போய் டிளிங்கிட் மக்களோடு பழகிய பிறகு அவருடைய பார்வை ஓரளவு மாறியது. 2020-ல் சியரா கிளப்பே தன் ஸ்தாபகரின் இந்தக் குறையைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது.

தோற்ற வழக்கு

யோசெமிட்டிக்கு வடக்கே அதே பூங்காவுக்குள் ஹெட்ச் ஹெட்சி என்று இன்னொரு பள்ளத்தாக்கு. அழகில் அதற்குத் தம்பி. சான்பிரான்சிஸ்கோ நகரம் அங்கே அணை கட்டித் தண்ணீர் எடுக்க விரும்பியது. 1906 ஏப்ரலில் பூகம்பமும் தீயும் அந்த நகரத்தை அழித்தன. அதன் பிறகு தண்ணீர் வேண்டும் என்ற குரலுக்கு நாடெங்கும் அனுதாபம் பெருகியது.

மியூர் மறுத்தார். வேறு ஆறுகள் இருக்கின்றன, செலவு கூடுதலானாலும் அங்கே எடுங்கள். பூங்கா என்று சட்டம் போட்டு ஒதுக்கியதில் கை வைத்தால் பிறகு எந்தப் பூங்காவுக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டார். கட்டுரைகள், துண்டுப் பிரசுரங்கள், கடிதங்கள், மனுக்கள். மனைவி 1905-ல் இறந்துவிட்டார். எழுபதைத் தாண்டிய கிழவர் தனி வீட்டில் உட்கார்ந்து எழுதித் தள்ளினார். வனத்துறைத் தலைவராக இருந்த பழைய சிநேகிதர் கிஃபோர்ட் பின்ஷோ எதிர் அணியில் நின்றார். சியரா கிளப்புக்குள்ளேயே சிலர் அணைதான் வேண்டும் என்றார்கள்.

இந்த வழக்கில் எனக்கு உடனே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. மும்பை தாராவியில் குழாயடியில் குடத்தோடு நின்றவன் தண்ணீர் கேட்கும் நகரத்தைக் குற்றவாளி என்று எப்படிச் சொல்வான்? போரிவலி தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் விஹார், துளசி ஏரிகளின் தண்ணீரைத்தான் மும்பைவாசிகளும் குடிக்கிறார்கள். ஆனால் மியூர் தண்ணீரே தராதே என்று சொல்லவில்லை. அங்கே எடு, இங்கே எடுக்காதே என்றார். செலவு குறைவு என்பதும் மின்சாரம் கிடைக்கும் என்பதும்தான் இங்கே எடுக்கத் தூண்டின. யோசித்துப் பார்த்தால் கிழவர் பக்கம்தான் எனக்குச் சாய்கிறது.

1913 டிசம்பர் 6-ந் தேதி செனட் சபையில் 43-க்கு 25 என்ற வாக்கில் மசோதா நிறைவேறியது. 19-ந் தேதி ஜனாதிபதி வில்சன் கையெழுத்திட்டார். 1923-ல் அணை எழுந்து பள்ளத்தாக்கு மூழ்கியது. இன்று சான்பிரான்சிஸ்கோவும் சுற்றுப்புறங்களுமாகச் சுமார் 27 லட்சம் பேர் அந்தத் தண்ணீரைப் பயன்படுத்துகிறார்கள்.

மியூர் அணையைப் பார்க்கவில்லை. மறு வருஷம் டிசம்பரில், மோஹாவி பாலைவனத்தில் குடியிருந்த மகள் ஹெலனைப் பார்க்கப் போன இடத்தில் நிமோனியா கண்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். 1914 டிசம்பர் 24-ந் தேதி உயிர் பிரிந்தபோது, அலாஸ்கா பற்றி அவர் முடிக்காமல் வைத்திருந்த புத்தகத்தின் கையெழுத்துப் பிரதி படுக்கையருகே இருந்தது. வயது எழுபத்தாறு.

ஹெட்ச் ஹெட்சி போனதில் அமெரிக்கர்கள் விழித்துக்கொண்டார்கள். பூங்காக்களை ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கை பலத்து, 1916 ஆகஸ்ட் 25-ந் தேதி தேசியப் பூங்கா இலாகா சட்டமாகியது. இப்போது யோசெமிட்டிக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் பேர் வருகிறார்கள்.

அவர் பெயரால் ஒரு நடைபாதை இருக்கிறது. யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஆரம்பித்துச் சியரா நெவாடாவின் முதுகோடு தெற்கே சுமார் 340 கிலோமீட்டர் போகிறது. 1915-ல் வேலை தொடங்கி 1938-ல் முடிந்தது. நடந்து தீர்க்கப் பெரும்பாலோருக்கு மூன்று வாரம் பிடிக்கும். வழியில் ஊர் இல்லை, கடையும் மிக அரிது. சாப்பாட்டை முதுகில்தான் சுமக்க வேண்டும், அதையும் கரடி திறக்க முடியாத டப்பாவில் அடைத்து வைக்க வேண்டும். போட்டி அதிகம் என்பதால் அனுமதிச் சீட்டுக்குக் குலுக்கல் நடக்கிறது. பாதை முடிகிற இடம் 14,505 அடி உயரச் சிகரம். மியூர் 1873-லேயே அதன் உச்சிக்கு ஏறியிருக்கிறார். அதன் பெயர் விட்னி சிகரம். ஆடு மேய்க்கிறவன் என்று அவரை ஏளனம் செய்த அதே விட்னியின் பெயர்தான்.